காற்றுக்குப் பாஸ் போட்ட ஆறாம் மேசை

இசக்கியம்மாள் அந்தத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக வேலை பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாலோ, அவள் எங்கேயும் பதினொரு மாதத்துக்கு மேல் தங்கியதே இல்லை. பதினோராவது மாதக் கடைசியில் ஒரு காண்ட்ராக்டர் அவளை வேலையிலிருந்து விடுவிப்பார். மறுநாள் காலை இன்னொரு காண்ட்ராக்டர் அவளைப் புதிதாகக் கண்டெடுப்பார். பஸ் அதே பஸ், மேசை அதே மேசை, கழுத்துப் பட்டையில் தொங்கும் எண்கூட அதே 0614. பட்டையின் நிறம் மட்டும் மாறும். "பன்னெண்டு பிறவி எடுத்தாச்சு. இனி ஒண்ணுதான் பாக்கி, பர்மனென்ட்டுப் பிறவி. அதுவும் முடிஞ்சா மோட்சந்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஏசிக் குளிரில் யாருக்கும் முழுச் சிரிப்பு வராது, பாதியில் இருமலாகிவிடும். வழிதவறி உள்ளே வந்த கொசு ஒன்று, கடிக்க வந்த காரியத்தை மறந்து, சால்வை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனதாக அங்கே சத்தியம் செய்து சொல்பவர்கள் உண்டு.

அவள் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கம். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்து, இருபது வயதில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு வந்தாள். தங்கியது பிள்ளைப்பாக்கத்தில். வீட்டுக்காரர் ஒரு காலத்தில் நெல் பயிரிட்டவர். நாற்றுக்கு நாற்று இடைவெளி விட்டு நட்ட அந்த மனிதர், வயலை விற்று அறைகள் கட்டிய பிறகு பெண்களை இடைவெளியே இல்லாமல் நட்டுவிட்டார். நாலு பேர் படுக்கும் அறையில் ஒன்பது பேர். ஒருத்தி புரண்டால் மற்ற எட்டுப் பேரும் வரிசையாகப் புரள வேண்டும். அந்தப் புரளல் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்த பிறகுதான் முதல் பெண்ணுக்கு அடுத்த முறை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஃபோன் செய்வாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் பிறகுதான்.

"ஏட்டி, ஆக்கிட்டாவளா?"

"இல்லம்மா."

"மேலத்தெருவுல இருந்து ஒரு எடம் கேட்டு வந்தாவ. பிள்ள பர்மனென்ட்டான்னு கேட்டாவ. ஜாதகங்கூடக் கேக்கல. நான் என்னத்தச் சொல்ல?"

"செவ்வாய் தோசம்னு சொல்லிரும்மா. அதுக்காவது பரிகாரம் உண்டு."

அந்த வருடம் கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. காண்ட்ராக்டில் இருப்பவர்களில் எட்டுப் பேரை நிரந்தரமாக்கப்போகிறார்கள். லைன் பொறுப்பாளரின் சிபாரிசு வேண்டும். இசக்கியின் லைனுக்குப் பொறுப்பாளர் புருஷோத்தமன், வல்லம் வடகாலிலேயே பிறந்தவர். இப்போது கேன்டீன் இருக்கும் இடம் அவர்கள் குடும்பத்து நிலமாக இருந்தது. "என் தாத்தன் ஏர் ஓட்ன எடத்துல நான் வரிசைல நின்னு சாம்பார் சாதம் வாங்கித் துன்றேன்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மனித முகமாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் அன்றைய டார்கெட் எண்தான் அவர் முகம்.

"லிஸ்ட்ல மொதோ பேரே நீதாம்மா," என்றார் இசக்கியிடம். "இந்தப் புது மாடல மட்டும் தடங்கல் இல்லாம தாட்டி வுட்டுட்டேன்னு வையி, ஒன்ன எவனும் அசைச்சிக்க முடியாது."

தொழிற்சாலையில் செய்வது கார்களுக்குள் வைக்கும் திரைகள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்னே யார் நிற்கிறார்கள் என்று ஓட்டுபவருக்குக் காட்டும் திரைகள். அவற்றைச் சோதித்து அனுப்பப் பன்னிரண்டு மேசைகள். இசக்கியுடையது ஆறாவது. புது மாடல் அந்த ஒரு மேசைக்குத்தான் வரும்.

மேசைமேல் மூடி போட்ட ஒரு கறுப்புப் பெட்டி. திரையை உள்ளே வைத்து, ஒயரைச் செருகி, மூடியை மூடினால் கம்ப்யூட்டர் அந்தத் திரையில் வண்ணப் பட்டைகளைக் காட்டும். பெட்டிக்குள் இருக்கும் கேமரா அதைப் படம் பிடித்து, இசக்கிக்கு முன்னால் இருக்கும் மானிட்டருக்கு அனுப்பும். சரியென்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு.

இவ்வளவுக்கும் உள்ளே ஓர் ஏற்ற இறக்கம் நடக்கிறது. கம்ப்யூட்டரின் உள்வீட்டுக்குக் கெர்னல் என்று பெயர். எந்தக் கருவியோடு பேசுவதானாலும், அந்தக் கருவியின் பாஷை தெரிந்த டிரைவர் என்ற சிறு நிரல் அந்த வீட்டுக்குள் குடியேற வேண்டும். முதலில் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் டிரைவர் வரும். அதன் தோளில் திரையின் டிரைவர் ஏறும். அதைப் பிடித்துக்கொண்டு கேமராப் புரோகிராம் நிற்கும். அடுத்த திரையை வைக்குமுன் எல்லாரும் இறங்கியாக வேண்டும். கடைசியில் ஏறியவர் முதலில். ஒவ்வொரு டிரைவரின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். இந்த நிமிடம் எத்தனை பேர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கான எண். அது பூஜ்யமானால்தான் டிரைவர் இறங்கும். இல்லையென்றால், 'நான் பயன்பாட்டில் இருக்கிறேன், வர முடியாது' என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

இதை இசக்கிக்கு எந்த இன்ஜினியரும் விளக்கவில்லை. பாத்ரூம் டோக்கனைப் பார்த்து அவளே விளங்கிக்கொண்டாள்.

லைனில் இருபத்துநாலு பெண்கள். சுவரில் ஓர் ஆணி, ஆணியில் இரண்டு பிளாஸ்டிக் டோக்கன். பாத்ரூம் போகிறவள் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். பக்கத்தில் கயிற்றில் தொங்கும் நோட்டில் பேர், போன நேரம், வந்த நேரம் எழுத வேண்டும். அதற்கும் முன்னால் மாற்றாள் வந்து மேசையில் கை வைக்க வேண்டும். கை விழாமல் எழுந்தால் அது பெரிய குற்றம். இரண்டு டோக்கனும் ஆணிக்குத் திரும்பினால்தான் பெல்டை நிறுத்தவோ மாடலை மாற்றவோ செய்வார்கள். ஆள் வெளியே இருக்கும்போது ஆணியில் இரண்டு தொங்கினால் யாரோ பொய் சொல்கிறார்கள். எல்லாரும் உள்ளே இருந்தும் ஒன்றுதான் தொங்குகிறதென்றால் யாரோ திருப்பி மாட்ட மறந்துவிட்டாள். டிரைவரின் எண்ணும் அதேதான் என்று இசக்கிக்கு இரண்டாம் வருடமே பிடிபட்டுவிட்டது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாற்றாள் வரும்போது மேசைக்காரி தன் எண்ணை லாக்-அவுட் செய்ய மாட்டாள். செய்தால் மேசை சும்மா கிடந்ததாகக் கணக்கில் சிவப்புக் கோடு விழும். ஆகவே மாற்றாள் எவளாக இருந்தாலும் மேசைக்காரியின் எண்ணிலேயே வேலை பார்ப்பாள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டாத சட்டத்தைத்தான் அங்கே யாரும் மீறுவதில்லை.

ஆறாம் மேசைக்கு மாற்றாள் பிரவீனா. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், இருபத்திரண்டு வயது, இன்னும் டிரெய்னிதான். வாய் மட்டும் சீனியர்.

புது மாடல் வந்த அன்றே சண்டித்தனம் தொடங்கியது. முதல் திரை பாஸ் ஆனது. இரண்டாவதை வைக்கலாம் என்றால் டிரைவர் இறங்க மறுத்தது. பக்கத்து எண் ஒன்று. யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்து மறுபடி போட வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு நிமிடம். ஒரு திரைக்கு இரண்டு நிமிடம் வீதம் போனால் அன்றைய டார்கெட் அறுநூறு எப்போது ஆவது? புருஷோத்தமன் மேசையைச் சுற்றி வந்த வேகத்தில் தரையில் வழுக்கைக் கோடு விழுந்தது. அப்புறம் சென்னை ஆபீசுக்கு ஃபோன் போட்டார். அங்கே கெர்னல் வேலை தெரிந்த இன்ஜினியர் சங்கரநாராயணன். அவர் ஃபோனிலேயே ஒரு கட்டளை சொன்னார், ஃபோர்ஸ் என்று. எண் என்னவாக இருந்தாலும் கவலைப்படாதே, பிய்த்து எடு என்று அதற்கு அர்த்தம்.

"இப்போதைக்குப் போட்டுக்குங்க. அப்புறமாப் பாத்துக்கிடலாம்" என்றாராம்.

அந்தக் கம்பெனியில் இப்போதைக்கு என்று வைத்த எதையும் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. வாசலில் செக்யூரிட்டி கூண்டே இப்போதைக்கு வைத்ததுதான். அதில் இரண்டு தலைமுறைப் பூனைகள் பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

இரண்டு நிமிடக் காரியம் நாலு விநாடியில் முடிந்தது. புருஷோத்தமன் ஃபோர்ஸ் கட்டளையை மற்ற பதினொரு மேசைகளுக்கும் போட்டுவைத்தார், நாளைக்கு அங்கேயும் புது மாடல் வரும் என்று. முதல் வாரம் செய்தவை மாதிரிக்குத்தான், வெளியே போகவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. இசக்கி டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டாள். முடித்த திரையை வெளியே எடுத்தாயிற்று, அடுத்த திரையின் பார்கோடையும் ஸ்கேன் செய்தாயிற்று. அதற்குள் பிரவீனாவின் கை மேசையில் விழுந்தது. திரையை உள்ளே வைத்தது அவள் என்று இவள் நினைத்தாள், இவள் என்று அவள் நினைத்தாள். பிரவீனா மூடியை மூடினாள். பச்சை விளக்கு எரிந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"இசக்கிக்கா, இங்க வாயேன்! ஒம் மேச காத்துக்குப் பாஸ் போட்டுகீது!"

"சும்மா கெட பிள்ள."

"அட, மெய்யாலுமேக்கா. காலிப் பொட்டி. வண்ணம் ஷோக்கா தெரியுது பாரு."

இசக்கி வந்து பார்த்தாள். மானிட்டரில் முந்தைய திரையின் வண்ணப் பட்டைகள் அசையாமல் நின்றிருந்தன. போகவிருந்த காரியத்தைக்கூட மறந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கேமராப் புரோகிராமை மட்டும் நிறுத்திப் பார்த்தாள்; டிரைவரின் எண் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. அப்போது புரிந்தது. புது மாடல் திரை அகலமானது, கேமரா இடது பாதியை ஒரு தரமும் வலது பாதியை ஒரு தரமும் பார்க்க வேண்டும். அதற்காக டிரைவரை இரண்டு தரம் பிடித்துக்கொள்கிறது, ஒரு தரம்தான் விடுகிறது. டோக்கன் இரண்டு எடுத்தவள் ஒன்றைத்தான் ஆணியில் மாட்டுகிறாள். அந்த நிலையில் டிரைவரைப் பிய்த்து எடுத்தால் கேமராப் புரோகிராமின் கையில் மிச்சமிருப்பது என்ன? இடித்துப்போட்ட வீட்டின் கதவுக் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்து, பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப மூடிப் பார்த்ததில், எப்போதும் அல்ல, பத்துப் பதினைந்து தடவைக்கு ஒரு தடவை. செத்த திரையை அந்த நேரத்தில் வைத்தால் அதுவும் பாஸ்தான்.

புருஷோத்தமனைக் கூப்பிட்டுக் காலிப் பெட்டியை வைத்தே காட்டினாள். ஒன்பதாவது தடவை பச்சை எரிந்தது.

அவர் பச்சை விளக்கையும் பார்த்தார், காலிப் பெட்டியையும் பார்த்தார். "சரிம்மா. நான் ஒண்ணு கேக்கறேன். பொட்டில டிஸ்ப்ளேவே வெக்காம நீ இன்னாத்துக்கு டெஸ்ட் பண்ற?"

"சார், வண்டி பின்னால எடுக்கவருக்கு..."

"திரையே இல்லாத வண்டியா அவுங்க விக்கப்போறாங்க? போம்மா, சும்மா பேஜாரு பண்ணிக்கினு."

"மொதல்ல கேமராவ நிறுத்தணும் சார். அது கைய விட்டுரும். பொறவு திரை, பொறவு வெளக்கு. வரிசையா எறக்கினா அதுவா எறங்கிருது. பதினோரு செகண்டு."

"நாலு செகண்டு எங்க, பதினொண்ணு எங்க? எம்பத்தஞ்சு பீசு கொறையும். அத ஒங்க அப்பாரா வந்து செஞ்சி குடுப்பாரு?"

திங்கட்கிழமையிலிருந்து இசக்கி தன் கையால் ஃபோர்ஸ் போடவில்லை. மூன்று கட்டளைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு திரைக்கும் அவளே தட்டினாள்: கேமரா, திரை, விளக்கு. ஒவ்வொரு தரமும் எண் பூஜ்யமாவதைப் பார்த்த பிறகே அடுத்தது. புருஷோத்தமன் இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் திடீரென்று தங்கமாகிவிட்டார்.

"இசக்கிம்மா, மூஞ்செல்லாம் வாடிக்கீது. போய் டீ குடிச்சிட்டு வா. அவசரமில்ல, நிதானமா வா. பிரவீனா பாத்துக்கும்."

மறுநாள் ஸ்டோருக்கு அனுப்பினார், அதற்கு மறுநாள் முதலுதவிப் பெட்டி எங்கே என்று பார்த்துவர அனுப்பினார். ஒருநாள் "கொஞ்ச நேரம் வெயில்ல நில்லும்மா, ஒடம்புக்கு நல்லது" என்றுகூடச் சொன்னார். இசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. 'சிபாரிசு எழுதிட்டாருபோல, அதான் மனசு எளகிட்டு' என்று நினைத்தாள். அன்று லைனில் பிரவீனாவிடமும் ராத்திரிச் சாப்பாட்டில் அறைத் தோழிகளிடமும் அவரைப் புகழ்ந்து தள்ளினாள். மனிதர்கள் திடீரென்று நல்லவர்களானால் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஊரில் மாட்டுத் தரகனுக்குத் தெரியும், டிப்ளமாவில் அதைச் சொல்லித்தருவதில்லை.

இரண்டு மாதம் கழித்து, திரைகளை வாங்கும் வண்டிக் கம்பெனியிலிருந்து முப்பத்தேழு திரைகள் திரும்பி வந்தன. பின்னால் எடுத்தால் இருட்டு. நல்லவேளையாக அவர்கள் முற்றத்திலேயே பிடித்துவிட்டார்கள். யார் மீதும் வண்டி ஏறவில்லை. முப்பத்தேழிலும் பாஸ் போட்ட எண் 0614.

சங்கரநாராயணன் சென்னையிலிருந்து நேரில் வந்தார். இசக்கியின் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க நோண்டினார். அவள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஏம்மா, நீங்க நம்ம பக்கமா? எந்த ஊரு?"

"கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சார்."

"நமக்கு அம்பை. பொறவென்ன, ஒரே ஆத்துத் தண்ணிதான். சொல்லுங்க, இது எப்பமும் இப்படித்தான் மக்கர் பண்ணுதா?"

ஒரே தண்ணி குடித்தவர் என்ற நம்பிக்கையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். அவர் படித்தார், மறுபடி படித்தார். "நம்மூருப் பிள்ளன்னா சும்மாவா!" என்றார். அந்த மூன்று வரிகளை அப்படியே ஆறாம் மேசைக் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் போட்டார். துண்டுச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாளில் அறிக்கை வந்தது. கோளாறைச் சரிசெய்தவர் சங்கரநாராயணன். கோளாறுக்குக் காரணம்: 0614 என்ற எண்ணிலிருந்து அனுமதியில்லாத கட்டளைகள் இரண்டு மாதமாக நாள்தோறும் இடப்பட்டிருக்கின்றன. ஃபோர்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் அனுமதி பெற்ற முறையாயிற்றே.

இசக்கி அவரைக் கேன்டீன் வாசலில் பிடித்தாள்.

"சார், நான் எழுதிக் குடுத்தத்தானே நீங்களும் போட்டிருக்கிய?"

"ஆமாம்மா. மொற சரிதான். யாரு இல்லன்னா? ஆனா அனுமதி இல்லாம போட்டுட்டியல்லா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் போட்டா அது ஃபிக்ஸு. நீங்க போட்டா அது தப்பு. கம்பெனி அப்படித்தாம்மா. வருத்தப்படாதிய."

அவள் பிரவீனாவைத் தேடிப் போனாள். பிரவீனா அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, நான் வெளிய போனப்பம் நீ எதப் போட்ட?"

"எனுக்குத் தெரியாதுக்கா."

"பிரவீனா."

"ஃபோர்ஸுதான்க்கா போட்டேன். அவருதான் சொன்னாரு. நீ வர்றதுக்குள்ள கொறஞ்ச பீசெல்லாம் தாட்டிடணும்ன்னாரு. எதிர்த்துக் கேட்டா டிரெய்னியவே கட் பண்ணிடுவேன்னாரு. ஒன்ன டீ குடிக்க அனுப்பினதே அதுக்குதான். நீ வேற அவர தெய்வம்னு சொல்லிக்கினு இருந்தியா, எனுக்கு எப்டிக்கா வாய் வரும்?"

இசக்கி நேரே ஆணிக்குப் போய், பக்கத்தில் தொங்கிய பாத்ரூம் நோட்டைக் கயிறோடு அறுத்து எடுத்தாள். டீக்குப் போனாலும் ஸ்டோருக்குப் போனாலும் அதில்தான் எழுத வேண்டும். அறிக்கையில் இருந்த முப்பத்தேழு நேரங்களையும் நோட்டில் இருந்த நேரங்களையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். முப்பத்தேழு தடவையும் அவள் மேசையில் இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு வண்டிக் கம்பெனி ஆட்கள் விசாரணைக்கு வருவதாக இருந்தது. அன்று காலை பதினோரு மணிக்கு எச்ஆர் மேனேஜர் ராஜசேகர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு காகிதம் தயாராக இருந்தது: என் கவனக்குறைவால் நேர்ந்தது, இனி நேராது. இசக்கி அதன்மேல் நோட்டை வைத்தாள்.

"இது என்னம்மா?"

"பாத்ரூம் நோட்டு சார். அந்த முப்பத்தேழும் பாஸ் ஆனப்பம் நான் எடத்துலயே இல்ல. நேரம் எழுதியிருக்கு, பாருங்க."

ராஜசேகர் நோட்டைப் பார்க்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இப்படி ஒரு நோட்டு நம்ம கம்பெனியில கிடையாதும்மா."

"ஒங்க மேசமேலதான் சார் இருக்கு."

"இருக்கலாம். ஆனா கிடையாது."

கதை இதுதான்: பெண்கள் பாத்ரூம் போகும் நேரத்தைக் குறித்துவைப்பது கேவலம், அப்படிச் செய்யும் இடத்தில் சாமான் வாங்க மாட்டோம் என்று வாங்குகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியொரு பழக்கம் எங்கள் கம்பெனியில் அறவே இல்லை என்று ராஜசேகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் நோட்டு ஆணிக்குப் பக்கத்தில்தான் தொங்கியது.

"இத மூணு மணிக்கு அவங்க முன்னாடி வெச்சீங்கன்னா என்ன ஆகும்? அப்ப மேசையில யாரு இருந்தான்னு கேப்பாங்க. அந்தப் பொண்ண இன்னிக்கே அனுப்பணும். ஆர்டர் போச்சுன்னா லைனே போச்சு. இருபத்துநாலு பேரு."

"புருஷோத்தமன் சாரு?"

"அவரு வாயால சொன்னதுக்கு நோட்டு இருக்காம்மா?"

ராஜசேகர் டிராயரைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்து, கவனக்குறைவுக் காகிதத்தின் பக்கத்தில் மெதுவாக வைத்தார். தலைப்பிலேயே இருந்தது: நிரந்தரப் பணி நியமனம். அவள் பெயர் முழுசாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருந்தது.

"அதுல ஒரு கையெழுத்து, இதுல ஒரு கையெழுத்து. அது வெறும் எச்சரிக்கைதான். பைல்ல கிடக்கும். யாரு பாக்கப்போறா?"

பன்னிரண்டு பிறவியாகக் கேட்ட வரம், பக்கத்திலேயே அதற்கான சாபம், இரண்டுக்கும் ஒரே பேனா. இசக்கி இரண்டு காகிதங்களையும் பார்த்தாள். அம்மா நினைவுக்கு வந்தாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இருட்டாக நிற்கும் திரைகள் நினைவுக்கு வந்தன. சங்கரநாராயணன் ஆறாம் மேசையை மட்டும்தான் சரிசெய்தார் என்பதும் நினைவுக்கு வந்தது.

"மத்த பதினோரு மேசையிலயும் அந்த ஃபோர்ஸு கெடக்கு சார். அத எடுக்கணும். என் கண்ணு முன்னால எடுக்கணும். பொறவு, அந்தப் பிள்ளைய ஒண்ணுஞ் செய்யக் கூடாது."

"இவ்வளவுதானே? செஞ்சிடலாம்" என்றார் ராஜசேகர். அவர் சம்மதித்த வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று.

இரண்டு கையெழுத்தையும் போட்டாள். மூன்று மணிக்கு வந்தவர்கள் திருப்தியோடு டீ குடித்தார்கள். சாயங்காலம் சங்கரநாராயணன் பதினொரு மேசைகளிலும் உட்கார்ந்து ஃபோர்ஸை அழித்து, அவளுடைய மூன்று வரிகளைப் போட்டார். ஒவ்வொன்றிலும் எண் பூஜ்யமாக இறங்கும்வரை இசக்கி பின்னால் நின்று பார்த்தாள். இருவரும் ஊர்ப் பேச்சு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பிரவீனாவுக்கு விஷயம் எட்டியபோது அவள் நன்றி சொல்லவில்லை, சண்டைக்கு வந்தாள்.

"எனுக்காவவா கையெழுத்துப் போட்ட? காலத்துக்கும் நான் ஒன்ன கும்புட்டுக்கினு திரியணுமா?"

"ஒனக்காகன்னு எவ சொன்னா? எனக்கு லெட்டரு வேணும், போட்டேன்."

"அந்த டோக்கனையாச்சும் எடுக்க சொல்லிருக்கலாம் இல்ல? அந்த எச்ஆர் கொரவளைய நீ புடிச்சிக்கினு நின்ன நேரத்துல?"

இசக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினொரு வருடம் பார்த்துப் பார்த்து, அந்த ஆணியும் சுவரின் ஓர் உறுப்பென்றே ஆகிவிட்டிருந்தது. மறுநாள் காலை நோட்டு தொங்கிய இடத்தில் நோட்டு இல்லை. டோக்கன் இருந்தது. இனி யார் எப்போது எழுந்து போனார்கள் என்பதற்குச் சாட்சியும் கிடையாது.

அம்மாவிடம் சொன்னபோது ஃபோனிலேயே குலவை போட்டாள். மேலத்தெருக்காரர்களிடம் ஆள் அனுப்பினாள். அவர்கள் பர்மனென்ட்டு சரி என்றார்கள், வயது முப்பத்தொன்றா என்று கேட்டார்கள், அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

நிரந்தரமானவர்களுக்கு வருடத்துக்கு ஒரு நாள் கட்டாயப் பயிற்சி வகுப்பு உண்டு. இசக்கிக்கு அது முதல் வகுப்பு. பாடம் எடுக்கச் சென்னையிலிருந்து சங்கரநாராயணன் வந்திருந்தார். அவளை மூன்றாம் வரிசையில் பார்த்தார், அதன்பின் மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் ஒரு தலைப்பு வந்தது: ஆறாம் மேசை தரும் பாடம். ஓர் ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்குக் கட்டளை போட்டதால் முப்பத்தேழு திரைகள் குருடாகப் போன கதையை அவர் விளக்கினார். டிரைவரை இறக்கும் சரியான வரிசை இது என்று மூன்று வரிகளைக் காட்டினார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இசக்கியும் எழுதிக்கொண்டாள், எழுதாமல் இருந்தால் அதையும் குறித்துவிடுவார்கள்.

பக்கத்தில் இருந்த பெண் வேறு யூனிட்டிலிருந்து வந்தவள். குனிந்து காதோடு கேட்டாள்: "ஏங்க்கா, அந்தப் பொம்பளைய அப்பவே தூக்கிட்டாங்களா?"

"இல்ல பிள்ள," என்றாள் இசக்கி. "பர்மனென்ட்டு ஆக்கிட்டாவ."

நல்ல ஜோக் என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வகுப்பில் சத்தம் போடாதீர்கள் என்று சங்கரநாராயணன், அந்தப் பக்கம் பார்க்காமலே, சொன்னார்.